எண்ணூர்க் காற்றும் தோலின் ஓரமும்

எண்ணூர்ப் பக்கம் ஆலை வேலைக்குப் போய்வருகிறவர்களின் தோல் பெல்ட் கெட்டுப்போகும் விதம் அநேகமாக ஒன்றுபோலவே இருக்கும். மேல்பரப்பு பளபளப்பு குறையாமல் இருக்கும். தையலும் விட்டிருக்காது. ஓரத்தில் பூசிய கறுப்பு மட்டும் வளையும் இடங்களில் வெடித்து, செதில் செதிலாக உதிர்ந்து, உள்ளேயிருக்கும் நார் வெளியே தெரியும். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அந்த இடத்தில் மேலடுக்கும் கீழடுக்கும் பிரிந்து வாய் திறந்துவிடும். அதோடு பெல்ட்டின் கதை முடிந்தது.

பர்ஸ், வாட்ச் ஸ்ட்ராப், அடையாள அட்டை உறை, புல்லட்டில் மாட்டும் பக்கவாட்டுப் பை எல்லாவற்றுக்கும் இதே நிலைமைதான். தோல் பொருளின் ஆயுள் முதலில் குறையத் தொடங்குவது ஓரத்தில். அந்த ஓரத்தை ஒழுங்காக முடிக்கத் தெரிந்த கைகள் சென்னையில் நிறையவே இருக்கின்றன. அதற்கு வேண்டிய நேரத்தைக் கொடுக்கவும் அந்த நேரத்துக்குக் கூலி கொடுக்கவும்தான் ஆள் குறைவு. ஓரத்துக்கு எதற்கு இவ்வளவு நேரம் என்று கேட்பவர்களுக்கு, தோலின் உள்ளே என்ன இருக்கிறது என்பதிலிருந்து சொல்ல வேண்டும்.

வெட்டியதும் திறக்கும் கதவு

மாட்டுத் தோலோ ஆட்டுத் தோலோ, அதன் உடம்பு முழுக்க கொலாஜன் என்ற புரத நார்தான். மயிர் இருந்த மேல்பக்கத்தில் நார் மிக மெல்லியதாக, நெருக்கமாகப் பின்னியிருக்கும். தொழிலில் இதை கிரெயின் என்பார்கள். கீழே போகப் போக நார் தடித்து, பின்னல் தளர்ந்துவிடும். பதனிடும் ஆலையில் செய்யும் மேல்பூச்சு, மெருகு எல்லாம் கிரெயின் பக்கத்துக்கு மட்டுமே. கத்தி வைத்து வெட்டிய உடனே எந்தப் பாதுகாப்பும் இல்லாத ஒரு புதிய பக்கம் உண்டாகிறது. காசிமேட்டில் நைலான் கயிற்றை அறுத்த கையோடு முனையைத் தீயில் காட்டி உருக்கிவிடுவார்கள். இல்லாவிட்டால் புரி பிரிந்துகொண்டே போகும். வெட்டிய தோலுக்கும் அப்படி ஒரு முடிப்பு வேண்டும். இல்லையென்றால் நார்களுக்கு நடுவேயுள்ள நுண்ணிய இடைவெளி வழியாகத் தண்ணீர் தானாகவே உள்ளே ஏறும்.

எண்ணூரில் அந்தத் தண்ணீர் மழையாக வரவேண்டும் என்பதே இல்லை. கடல் காற்றில் உப்பு வருகிறது, உடம்பின் வியர்வையிலும் உப்பு இருக்கிறது. சாதாரண உப்புக்கு ஒரு குணம் உண்டு: காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலோரச் சென்னையில் விடியற்காலை ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டுவது வெகு சாதாரணம். ஆகவே உப்பு படிந்த ஓரம் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தாலும் இரவில் ஈரமாகும், பகல் வெயிலில் காயும். ஒவ்வொரு முறையும் நார் உப்பிச் சுருங்குகிறது. அதன் மேல் இருக்கும் பூச்சு அதே அளவுக்கு உப்புவதும் இல்லை, சுருங்குவதும் இல்லை. இரண்டுக்கும் நடுவே பிடிப்பு கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப்போகிறது. பூச்சு உதிர்வது ஒருநாள் கண்ணில் படுகிறது. பிடிப்பு அதற்கு வெகுநாள் முன்பே போயிருக்கும்.

இரும்பு பக்கிளும் ரிவிட்டும் செய்யும் கெடுதல் தனி. பட்டை, காய் போன்றவற்றால் பதனிட்ட தோலில் டானின் இருக்கும். துருவிலுள்ள இரும்பு டானினோடு சேர்ந்தால் அழியாத கருநிறம் உண்டாகும். கலம்காரித் துணியில் கடுக்காய் ஊறிய பருத்தியின் மேல் இரும்புக் கரைசலால் கறுப்புக் கோடு இழுப்பது இந்த வேதியியலை வைத்துத்தான். அங்கே அது கலை. துருப்பிடித்த ரிவிட்டைச் சுற்றி பெல்ட்டின் ஓரத்தில் பரவும்போது அது கறை. கடலோரத்தில் விற்கும் பொருளுக்குப் பித்தளை பக்கிள் போடுவது அழகுக்காக மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது.

இரண்டு தோல், இரண்டு வழி

ஓர வேலையைத் தொடங்கும் முன் கையிலிருப்பது எந்தத் தோல் என்று தெரிந்தாக வேண்டும். தமிழ்நாட்டில் இரண்டு மரபுக்கும் நீண்ட வரலாறு இருக்கிறது.

முதலாவது, தாவரப் பதனிடல். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டு ஊறவைத்துப் பதனிட்ட தென்னிந்தியத் தோல், சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறி லண்டன் ஏலச் சந்தைக்குப் போனது. ஈ.ஐ. தோல், அதாவது கிழக்கிந்தியத் தோல் என்ற பெயர் அப்போது வந்ததுதான். ஆவாரம் பட்டையின் இடத்தைப் பின்னாளில் வாட்டில் மரப்பட்டை பெருமளவு பிடித்துக்கொண்டது. திண்டுக்கல், திருச்சி வட்டாரங்களில் இன்றும் நடக்கும் இந்தத் தொழிலின் ஈ.ஐ. தோல், தமிழ்நாட்டின் புவிசார் குறியீடு பெற்ற பொருள்களில் ஒன்று.

இரண்டாவது, குரோம் பதனிடல். இது சென்னைக்கு வந்த காரணம் இன்று பலருக்கும் வியப்பாக இருக்கும். சென்னை மாகாணத்தின் தொழில் வளர்ச்சிக்குப் பாடுபட்ட ஆல்ஃபிரட் சாட்டர்டன், 1903 வாக்கில் குரோம் பதனிடும் சோதனைகளில் இறங்கினார். அவர் மனதில் இருந்தது சீமை பூட்ஸ் மட்டும் அல்ல, உழவரின் கவலை ஏற்றமும்தான். மாடு இழுக்க, கிணற்றுத் தண்ணீரை மேலே கொண்டுவரும் தோல் பை நாள் முழுக்க நனைந்துகொண்டே இருப்பதால் சீக்கிரம் அழுகிவிடும். குரோம் தோல் தண்ணீரில் அதைவிடத் தாக்குப்பிடிக்கும் என்பதே அவருடைய கணக்கு. 1912இல் ஜி.ஏ. சேம்பர்ஸ் பல்லாவரத்தை ஒட்டித் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனியின் பெயர் குரோம்பேட்டை என்ற ஊர்ப்பெயராகவே நிலைத்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் வடசென்னை வண்ணாரப்பேட்டையில் தோல் தொழிலுக்கென்றே ஒரு பள்ளி நடந்தது. 1948இல் அடையாறில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் எழுந்தது.

இந்த இரண்டு தோலும் ஓரத்தில் நேர்மாறாக நடந்துகொள்கின்றன. தாவரப் பதனத் தோலின் ஓரத்தை லேசாக நனைத்துத் தேய்த்தால் நார்கள் சூட்டில் படிந்து, ஒன்றோடொன்று இறுகி, கண்ணாடி மாதிரி வழவழப்பாகும். குரோம் தோலில் குரோமியம் நார்களைக் குறுக்கே இறுகக் கட்டிவைத்திருக்கிறது. எவ்வளவு தேய்த்தாலும் அது படியாது, பஞ்சு பஞ்சாக எழுந்து நிற்கும். அதற்குப் பூச்சுதான் வழி. உலகில் பதனிடப்படும் தோலில் பெரும்பகுதி குரோம் தோல் என்பதால், கடையில் கிடைக்கும் பெரும்பாலான பர்ஸுக்கும் பைக்கும் எட்ஜ் கலர் என்ற ஓரப் பூச்சுதான் ஓரம்.

எது எது என்று கண்டுபிடிக்க ஆலைக்காரர்களின் பழைய சோதனையே போதும். ஒரு துண்டை வெட்டிக் கொதிக்கும் தண்ணீரில் போட வேண்டும். நன்றாகப் பதனமான குரோம் தோல் 100 டிகிரியிலும் சுருங்காமல் கிடக்கும். தாவரப் பதனத் தோல் ஏறத்தாழ 70 முதல் 85 டிகிரிக்குள்ளேயே சுருண்டு, ஆறியதும் கெட்டியாகிவிடும். கொதிக்கவைக்க முடியாத இடத்தில் வெட்டுமுகத்தைப் பார்க்கலாம். சாயம் உள்வரை இறங்காத குரோம் தோலின் நடுவில் நீலம் கலந்த சாம்பல் நிறம் தெரியும். பழுப்பு ஓடினால் அது பட்டை போட்ட தோல்.

தேய்த்து முடிக்கும் ஓரம்

தாவரப் பதனத் தோலுக்கு வேலை வரிசை எளிது, பொறுமைதான் அதிகம் வேண்டும். கூரான கத்தியால் நேர்க்குத்தாக வெட்டுவது முதல் படி. மழுங்கிய கத்தி நாரை அறுக்காமல் பிய்க்கும். அந்தப் பிசிறு கடைசிவரை தொல்லை கொடுக்கும். இரண்டு அடுக்கு என்றால் ஒட்டிய பிறகுதான் ஓரத்தை இறுதியாகச் சீவ வேண்டும். தனித்தனியாக வெட்டி ஒட்டினால் ஒரு நூலளவாவது ஏறி இறங்கும்.

அடுத்து உப்புத்தாள். 220 எண்ணில் தொடங்கி 400, 600 என்று மேலே போனால் ஓரம் சமமாகும். மேல் முனையையும் கீழ் முனையையும் பெவலர் என்ற முனை சீவும் கருவியால் மெல்லிய இழையாகச் சீவி எடுத்தால் ஓரம் உருண்டு வரும். உருண்ட ஓரத்தில் உராய்வு பரவலாக விழும். கூரான முனையில் எல்லா அடியும் ஒரே கோட்டில் விழுந்து அங்கேதான் முதலில் தேயும்.

பிறகு ஈரம். வெறும் தண்ணீர் போதும். டிராககாந்த் பிசின், சி.எம்.சி. பசை, ஜப்பானின் டோக்கோனோலே போன்றவை நாரைப் படியவைத்துப் பிடித்துக்கொள்ள உதவும். பள்ளம் வெட்டிய மரக்கட்டையாலோ முரட்டுக் கேன்வாஸ் துணியாலோ வேகமாகத் தேய்த்தால் சூடு எழும், ஓரம் கறுத்து மின்னும். ஈரமான தாவரப் பதனத் தோல் அதிகச் சூடு தாங்காது என்பதைக் கொதிநீர் சோதனை ஏற்கெனவே சொல்லிவிட்டது. சொட்டச் சொட்ட நனைத்துவிட்டுச் சூட்டுக்கம்பி வைத்தால் ஓரம் கருகி, சுருங்கி, பிற்பாடு நொறுங்கும். கடைசியில் தேன்மெழுகை உரசி, துணியால் தேய்த்து உள்ளே இறக்கிவிட வேண்டும். மெழுகு தண்ணீரைத் தடுக்கும், வேண்டும்போது வீட்டிலேயே மறுபடியும் போட்டுக்கொள்ளலாம்.

1837இல் பாரிஸில் குதிரைச் சேணப் பட்டறையாகத் தொடங்கிய எர்மேஸ் இன்றும் பைகளின் ஓரத்தைத் தேய்ப்பு, சாயம், மெழுகு, சூடு என்று பல சுற்றில் முடிக்கிறது. சேணத்திலிருந்து வந்த பழக்கம் அது. குதிரையின் வியர்வையும் மழையும் நாள்தோறும் படும் பொருளில் ஓரத்தைத் திறந்துவிட்டால் என்னவாகும் என்று சேணம் செய்தவர்களுக்குத் தெரியும். எண்ணூர் வெயிலில் நின்று வேலை செய்பவரின் பெல்ட்டுக்கும் அதே மரியாதை உரியது.

பூசி முடிக்கும் ஓரம்

குரோம் தோலுக்கு வருவோம். எட்ஜ் கலர் என்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் தண்ணீரில் மிதக்கும் அக்ரிலிக் அல்லது பாலியூரித்தேன் துகள். இத்தாலியின் ஃபெனிச்சே, ஜியார்தினி போன்றவை உலகெங்கும் பட்டறைகளில் புழங்கும் பெயர்கள். தண்ணீர் ஆவியாகப் போகப் போகத் துகள்கள் நெருங்கி, ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்து ஒரே படலமாகும். ஓரப் பூச்சின் உறுதி முழுக்க இந்தச் சேர்க்கையில்தான் இருக்கிறது. அது முழுமையாக நடக்க நேரம் வேண்டும்.

ஆனால் டப்பியைத் திறக்கும் முன்பே பாதி முடிவு தெரிந்துவிடும். அடுக்குகளுக்கு நடுவே சொல்யூஷன், அதாவது ஒட்டும் பசை, ஓரத்தின் கடைசி இழைவரை எட்டியிருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் உள்ளே நின்றுவிட்டால் அந்த இடத்தில் பூச்சு காற்றின் மேல் பாலம் கட்டி நிற்கும். முதல் வளைவிலேயே வெடிக்கும். உப்புத்தாளால் சமப்படுத்திய பிறகு தூசியைத் துடைத்தெடுக்க வேண்டும். எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பலும் லாரிப் புழுதியும் காற்றிலேயே இருப்பதால், பூசும் மேசையை மூடிய அறையில் வைத்துக்கொள்வது இங்கே ஆடம்பரம் ஆகாது. மெழுகோ சிலிக்கான் பாலிஷோ பட்ட ஓரத்தில் எந்தப் பூச்சும் பிடிக்காது. அதனால் குரோம் தோலில் மெழுகு எப்போதும் கடைசி வேலை.

முதல் கோட் பேஸ். இது நார்களின் இடைவெளியில் இறங்கி, நிரப்பி, மேலே வரப்போகும் நிறத்துக்குப் பிடிமானம் தரும். இதைத் தோலுக்குள் இறங்கும் அளவுக்கு மெல்லிசாகப் பூசுவதே நல்லது. காய்ந்ததும் தொட்டால் சொரசொரவென்று இருக்கும். எழுந்த நார்கள் அப்படியே விறைத்து நிற்பதுதான் காரணம். இப்போது மறுபடி உப்புத்தாள் போட வேண்டும். பல பட்டறைகளில் நேரமின்மையால் தாண்டிப்போகும் படி இதுதான், ஓரத்தின் வழவழப்பு பெரும்பாலும் கிடைப்பதும் இங்கேதான். தேவைப்பட்டால் இன்னொரு பேஸ். அதன் பிறகு நிறம் இரண்டு அல்லது மூன்று கோட், நடுவில் 600க்கு மேற்பட்ட தாளால் மெல்லத் தேய்ப்பு. உருளைப் பேனா, ஊசி முனை, ரோலர் இயந்திரம் எதனால் பூசினாலும் சரி, ஒரே தடவையில் தடியாக ஏற்றுவதே பெரிய கெடுதல்.

ஏன் என்று பார்த்தால் கடற்கரை ஊரின் கஷ்டம் தெளிவாகும். தடித்த பூச்சில் மேல்பக்கம் முதலில் காய்ந்து தோல்போல மூடிக்கொள்கிறது. அடியில் இருக்கும் தண்ணீர் வெளியேற வழியில்லை. வறண்ட ஊரில் அது எப்படியோ போய்விடலாம். ஐப்பசி, கார்த்திகை மாதச் சென்னையில் காற்றே ஈரத்தில் ஊறிக் கிடக்கிறது. மேலே தொட்டால் காய்ந்ததுபோல இருக்கும். அடியில் துகள்கள் இன்னும் சேர்ந்திருக்காது. அந்த நிலையில் பர்ஸை மடித்துப் பெட்டியில் வைத்தால் ஓரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது பட்டையாக உரியும். டப்பியில் எழுதியிருக்கும் உலரும் நேரத்தை மழைக்காலத்தில் அப்படியே நம்ப முடியாது. மின்விசிறிக் காற்றும், கோட்டுக்குக் கோட் கூடுதல் இடைவெளியும், முடிந்த பொருளை மடிக்காமல் சில நாள் வைப்பதும் வேண்டும்.

சூடு காட்டிய இரும்பைப் பேஸ் போட்ட ஓரத்தில் மெதுவாக ஓட்டினால் படலம் இளகி நாரோடு இன்னும் நெருங்கும். அதிகம் அழுத்தினால் கொப்புளிக்கும். துண்டுத் தோலில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பொருளில் கை வைப்பதே வழக்கம்.

வளையும் இடத்துக்குத் தனிக் கணக்கு. பர்ஸின் மடிப்பு, பெல்ட்டில் பக்கிளைச் சுற்றும் பகுதி, பையின் கைப்பிடி ஆகியவற்றில் கெட்டியான படலம் வெடிக்கும். அங்கே பாலியூரித்தேன் அதிகமுள்ள, வளைந்துகொடுக்கும் கலரை மெல்லிசாகப் பூசுவார்கள். அல்லது பூச்சையே தவிர்த்து, தோலை ஸ்கைவிங் செய்து, அதாவது ஓரத்தை இழைத்து மெல்லிசாக்கி, உள்ளே மடித்துத் தைத்துவிடுவார்கள். மடித்த ஓரத்தில் வெளியே தெரிவது கிரெயின்தான். நார்முனை காற்றையே பார்க்காது. கடலோரத்தில் நாள்தோறும் புழங்கும் மெல்லிய ஆட்டுத்தோல் பொருளுக்கு மடித்த ஓரமே பெரும்பாலும் நீண்டநாள் வரும். தடித்த பெல்ட்டை அப்படி மடிக்க முடியாது என்பதால்தான் அங்கே பூச்சும் தேய்ப்பும் வந்தாக வேண்டியிருக்கிறது.

வளைத்துப் பார்ப்பது

பெரிய ஆலைகள் இதைக் கண்ணால் பார்த்துத் தீர்மானிப்பதில்லை. ஸ்விட்சர்லாந்தின் பாலி காலணி நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய ஃப்ளெக்சோமீட்டர் என்ற கருவி, மடித்த தோல் துண்டை நிமிடத்துக்கு 100 முறை வளைத்து நிமிர்த்தும். ஆயிரக்கணக்கான வளைவுக்குப் பிறகு பூச்சு வெடித்ததா, நிறம் மாறியதா என்று பார்ப்பார்கள். தோலின் மேல்பூச்சுக்காக வந்த சோதனை என்றாலும், ஓரத்திலும் அதே கேள்விதான்: தோல் அசையும்போது படலமும் கூடவே அசைகிறதா?

கடையில் நிற்பவருக்குக் கருவி தேவையில்லை. பெல்ட்டின் ஒரு இடத்தை நன்றாக வளைத்து ஓரத்தைப் பார்க்கலாம். மெல்லிய வெள்ளைக் கோடுகள் தோன்றினால் படலம் கெட்டியாகவோ தடியாகவோ இருக்கிறது. நகத்தால் மெல்ல அழுத்தினால் பள்ளம் விழுந்து அப்படியே நின்றால் இன்னும் காயவில்லை. மூலைகளைக் கவனிக்க வேண்டும். அவசரமாகப் பூசியவர் கை மூலையில்தான் வழிந்திருக்கும். இரண்டு அடுக்கு சேரும் கோடு வெளியே தெரிந்தால் உப்புத்தாள் போடவில்லை. கோடு தெரியாமல் ஒரே உடலாக இருந்தால் யாரோ அதற்காக உட்கார்ந்து நேரம் செலவழித்திருக்கிறார்.

உரிந்த ஓரத்தை மீட்பது

உரிந்த ஓரத்தின் மேல் அப்படியே புதுப் பூச்சு அடிப்பதால் பயனில்லை. புதிய கோட், விடப்போகும் பழைய கோட்டைப் பிடித்துக்கொண்டு அதோடு சேர்ந்தே விழும். தளர்ந்ததை எல்லாம் சுரண்டியெடுத்து, நார் தெரியும்வரை உப்புத்தாள் போட்டு, ஈரத் துணியால் உப்பைத் துடைத்து, நிழலில் முழுக்கக் காயவிட வேண்டும். பிரிந்த அடுக்கில் சொல்யூஷனை உள்வரை செலுத்திக் கிடுக்கியில் இறுக்க வேண்டும். அதன் பிறகு பேஸ், தேய்ப்பு, நிறம் என்று மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். புது ஓரத்தைவிட இதற்கு வேலை அதிகம்.

பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. வேலை முடிந்து வந்ததும் வியர்வை பட்ட ஓரத்தை, பிழிந்த ஈரத் துணியால் ஒரு முறை துடைத்தால் உப்பு போய்விடும். பிளாஸ்டிக் கவரில் மூடி வைத்தால் ஈரமும் பூஞ்சையும் உள்ளேயே தங்கும். பருத்திப் பை போதும். தாவரப் பதனத் தோல் என்றால் மழைக்காலம் தொடங்கும் முன் ஓரத்தில் தேன்மெழுகு தேய்த்துக்கொள்ளலாம்.

பெரியமேட்டுத் தோல் கடைகளிலோ வடசென்னையின் தெருவோரப் பட்டறையிலோ பெல்ட்டையோ பையையோ ஓரம் மாற்றக் கொடுப்பவர்கள் வழக்கமாகக் கேட்பது இரண்டே கேள்வி: எவ்வளவு ஆகும், எப்போ கிடைக்கும்? அதோடு, "பேஸ் போட்டுத் தேய்ப்பீங்களா பாய், எத்தனை கோட் வரும்?" என்றும் கேட்டால் கடைக்காரரின் பேச்சே மாறும். "தேய்க்கணும்னா ரெண்டு மூணு நாள் ஆகும், கூலியும் கொஞ்சம் கூட வரும்" என்று அவர் சொன்னால் சம்மதிக்கலாம். மழை பெய்துகொண்டிருந்தால் இன்னும் இரண்டு நாள் சேர்த்துக் கேட்பார். அதற்கும் சரி என்று சொல்லிவிட்டு வரலாம்.